அம்மாவுக்கு வேலையில கை உடைஞ்சிடுச்சு, சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பணம் புடிச்சாங்க ஆனா கார்டே இல்ல, என்ன பண்றது?

வியாசர்பாடி பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா நாலு வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட் தான். சம்பளம் 10,500, அதுல பிஎஃப்னு 1,260, இஎஸ்ஐன்னு 79 புடிச்சிட்டு 9,161 கைக்கு வரும். போன வாரம் நைட் ஷிஃப்ட்ல படிக்கட்டு துடைக்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. வேலை செய்யிறதே ஆஸ்பத்திரியில, ஆனா ஒரு ஊசி போட்டு ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டாங்க, ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தான் மாவுக்கட்டு போட்டோம். ஆறு வாரம் கைய அசைக்கக்கூடாதாம். கான்ட்ராக்டர்கிட்ட கேட்டா வராத நாளுக்கு சம்பளம் இல்ல, இஎஸ்ஐ கார்டு இன்னும் வரலன்னு சொல்றாரு, நாலு வருஷமா வராத கார்டு எப்பதான் வரும்? அப்பா இல்ல, தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான், எனக்கு ஜெராக்ஸ் கடையில 7,000. வாடகை 5,500. தண்டல்ல 10,000 வாங்கினோம், கையில குடுத்தது 8,500 தான், தினம் 100 ரூபா, சாயங்காலம் ஆனா வாசல்ல பைக் சத்தம். நேத்து அம்மா இடது கையிலயே துணி துவைக்க உக்காந்துட்டாங்க, பாக்க முடியல.

கொருக்குப்பேட்டை அண்ணன்:
தங்கச்சி, மொதல்ல இத தெரிஞ்சுக்கோ, வேலை நேரத்துல அடிபட்டா இஎஸ்ஐல இத்தன நாள் பணம் கட்டியிருக்கணும்னு கணக்கே கிடையாது, வேலைக்கு சேந்த மொத நாள் அடிபட்டாலும் உண்டு. சாதா காய்ச்சல் லீவுக்குதான் 78 நாள் கணக்கு பாப்பாங்க, சம்பளத்துல 70 சதவீதம் தருவாங்க. வேலையில அடிபட்டா 90 சதவீதம். அம்மாவுக்கு நாள் கூலி 350ன்னு வெச்சா 315 வரும், ஆறு வாரத்துக்கு போட்டு பாரு. கான்ட்ராக்டர் பணம் கட்டலன்னாலும் அம்மாவுக்கு வர்றது நிக்காது, இஎஸ்ஐயே குடுத்துட்டு அவங்ககிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேத்து கட்டற பொறுப்பு அந்த ஆஸ்பத்திரிக்குதான், அதனால கான்ட்ராக்டர்கிட்டயே மல்லுகட்டாத.

மணலி ராணி:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எங்க வீட்டுக்காரரு இப்படி எழுதி குடுத்தாரு, அடுத்த நாளே கேட்ல நிறுத்திட்டாங்க. பணம் எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு, வேலை போனது போனதுதான். யோசிச்சு பண்ணுமா.

கொருக்குப்பேட்டை அண்ணன்:
ராணிக்கா, நீங்க பட்டத நான் இல்லன்னு சொல்லல. எனக்கும் ஒரு தடவ கேட் மூடினாங்க. ஆனா கை சரியா கூடலன்னா அந்த வேலையும் செய்ய முடியாதே. தங்கச்சி, விபத்து நடந்த தேதி, நேரம், கூட இருந்தவங்க பேரு எல்லாம் இன்னைக்கே எழுதி வை, ஸ்டான்லி ஓபி சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கி போட்றாத. நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்ல இஎஸ்ஐ ஆபீஸ், அங்க மனு குடுத்து ரெண்டாவது காப்பியில சீல் வாங்கிக்கோ, சீல் இல்லாம திரும்பி வராத. கட்டு பிரிச்சப்புறம் கைக்கு பயிற்சி குடுக்கணும், அதுக்கு அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி உங்களுக்கு கிட்ட.

புளியந்தோப்பு:
சம்பள சிலிப்பு இருந்தா 10 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதான் இஎஸ்ஐ நம்பர். 12 இலக்கம் இருந்தா அது யுஏஎன், அதாவது பிஎஃப் நம்பர், அதுல மாசா மாசம் பிஎஃப் பணம் ஏறுதான்னு உமங்ங்கிற கவர்மென்ட் ஆப்ல பாத்துடலாம். தண்டல்காரர்கிட்ட மாவுக்கட்டோட அம்மாவையே கூட்டிட்டு போய் ஒரு மாசம் டைம் கேளுங்க, இன்னொரு தண்டல் வாங்கி இத அடைக்க மட்டும் போகாதீங்க.

வியாசர்பாடி பொண்ணு:
அம்மா போன்ல ரெண்டு மாச சிலிப்பு போட்டோ இருந்துச்சு, 10 இலக்க நம்பர் இருக்குணா! நாலு வருஷமா எங்களுக்கு அது என்னன்னே தெரியாது. அம்மா வேலை போயிடும்னு அழறாங்க, ராணிக்கா சொன்னதயும் படிச்சு காட்டினேன். கூட வேலை செய்யிற ரெண்டு அக்கா விழுந்தத பாத்தோம்னு எழுதி தர்றோம்னாங்க. திங்கக்கிழமை கடையில லீவு சொல்லிட்டு நானே ஸ்டெர்லிங் ரோடு போறேன்.