கடைசி நேரத்தில் கடற்கரைக்குக் கிளம்பினால் லாபமா?

கேள்வி: கோடையில் வியாழக்கிழமை முடிவெடுத்து சனிக்கிழமை கடற்கரையில் இருப்பது சரிவருமா? விலை உண்மையிலேயே குறையுமா?

பதில் 1: ரூம் விலை குறைய வாய்ப்புண்டு, விமானக் கட்டணம் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். பல ஹோட்டல்களில் இலவசமாக ரத்து செய்வதற்கான கெடு, செக்-இன்னுக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு முடியும். மற்றவர்கள் கைவிட்ட அறைகள் அப்போதுதான் திரும்ப விற்பனைக்கு வரும். ஹோட்டலுக்கே போன் போட்டும் கேளுங்கள். பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். பெரிய கூட்டமாகப் போவதென்றால் இந்த ஆட்டமே வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் ரூம் அமையாது.

பதில் 2: விலையை விடுங்க, பெரிய லாபம் வானிலைதான். 2 நாள் முன்னறிவிப்பு 10 நாள் கணிப்பைவிட எவ்வளவோ நம்பகம். மழையோடு நிறுத்தாமல் காற்றையும் அலை உயரத்தையும் பாருங்கள். வெயில் பளிச்சென்று அடித்தாலும் சிவப்புக் கொடி பறந்தால் குளியல் போச்சு.

கேள்வி கேட்டவர்: பையில் என்ன வைப்பது?

பதில் 2: எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் இருந்தால் பல விமான நிலையங்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்காதீர்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.