புதுப்பிப்பு: வால் எலும்பு வலி, இரண்டு மாதத்துக்கு அப்புறம்

ஆனி மழையில் படியில் வழுக்கி விழுந்து, உட்கார முடியவில்லை, நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் தடவப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன், முறிவு இல்லை.

அப்புறம் தக்கலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஆறு தடவை போனேன். என் சம்மதம் கேட்டு, கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக ஒரு விரலால் எலும்பின் நுனியைப் பிடித்து மெல்ல அசைத்தார். கூச்சம்தான், வேறென்ன! எலும்பைவிட, அதில் வந்து சேரும் இடுப்புத்தளத் தசைகள்தான் இறுகிக் கிடந்தனவாம். அவற்றையும் அழுத்தித் தளர்த்தினார்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு, நாற்காலியிலிருந்து எழும்போது வரும் குத்தல் குறைந்தது. வட்டக் குஷன் சரிப்படவில்லை; வால் எலும்பு படாதபடி பின்பக்கம் வெட்டு விட்ட குஷன்தான் உதவுகிறது. நாகர்கோவில் பஸ்ஸில் மட்டும் இன்னும் முன்னால் சாய்ந்தே உட்காருகிறேன்.