பாவைக்கூத்துத் திரைக்கு எந்த விளக்கு நல்லது?

நிழல்பாட்டி:
பேத்திக்காக வீட்டிலேயே தோல்பாவைக்கூத்து காட்டிப் பார்த்தேன். நிலைப்படியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் எல்இடி பட்டையை நீளமாக ஒட்டினேன். வெளிச்சம் ஏராளம். ஆனால் பாவையின் ஓரமெல்லாம் பஞ்சு போல மங்குகிறது. மகுடத்தில் குத்திய பொட்டுத் துளைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. சீதையின் சிவப்புச் சேலை பழுப்படித்துக் கிடக்கிறது. சின்ன வயதில் திருவிழாவில் பார்த்தபோது ஒவ்வொரு துளையும் நட்சத்திரமாக மின்னும். எங்கே தவறு?

மேடைவெளிச்சம்:
அம்மா, பட்டையில் நூறு விளக்கு இருந்தால் நூறு நிழல் விழும், ஒவ்வொன்றும் சற்றே தள்ளி. அதுதான் மங்கல். ஒரே ஒரு சின்ன விளக்கு போதும். கைப்பேசி டார்ச்சை வைத்துப் பாருங்கள். சிவப்பு செத்துப்போவதற்குக் காரணம் மலிவான வெள்ளை எல்இடி. அதில் சிவப்பு ஒளி குறைவு. பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான அளவு, உச்சம் 100) 90க்கு மேல் என்று போட்ட, மஞ்சள் சாயலில் எரியும் பல்பு வாங்குங்கள்.

தோல்தட்டி:
பாவையைத் திரையோடு ஒட்டியே பிடியுங்கள், விலக விலகக் கூர்மை குறையும். முடிந்தால் ஒருநாள் எண்ணெய் விளக்கிலும் காட்டுங்கள். சுடர் ஆடும்போது பாவை மூச்சுவிடுவது போல இருக்கும், எனக்கு அதற்கு ஈடே இல்லை. வேட்டியில் தீப்பிடிக்காமல் தள்ளி வையுங்கள்.

நிழல்பாட்டி:
டார்ச்சை அரிசி டப்பா மேல் வைத்தேன். சீதையின் மூக்குத்தித் துளைகூடத் தெரிந்தது! பேத்தி திரைக்குப் பக்கத்தில் போய் மகுடத்துப் பொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பல்பு நாளைக்கு வாங்குகிறேன்.