அடியும் வாங்கியாச்சு, இம்போசிஷனும் எழுதியாச்சு, ஆனால் கிழிந்த நோட்டு?

திருப்பூர்_அம்மா:

வணக்கம். பையன் ஆறாம் வகுப்பு. போன வாரம் கூடப் படிக்கும் ஒரு பையனின் டிராயிங் நோட்டைக் கிழித்துக் கை கழுவும் தொட்டியில் போட்டுவிட்டான். போட்டிக்காக இரண்டு மாதமாக அந்தக் குழந்தை வரைந்து வைத்திருந்த நோட்டு அது. பள்ளியில் இரண்டு பீரியட் வெளியே முட்டி போட வைத்தார்கள், 'இனி இப்படிச் செய்ய மாட்டேன்' என்று நூறு தடவை இம்போசிஷன், என்னை வரவழைத்து எல்லார் முன்னாலும் நாலு பேச்சு. வீட்டுக்கு வந்ததும் இவன் அப்பா கையில் கிடைத்த ஸ்கேலால் நன்றாகவே போட்டார்.

எல்லாம் முடிந்தபிறகு, 'அந்தப் பையன்கிட்ட பேசினியா?' என்று கேட்டேன். 'எதுக்கும்மா? அதான் எழுதிட்டேன்ல, அடியும் வாங்கிட்டேன்ல' என்கிறான். கடனைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டவன் மாதிரி! யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதிலும் தப்பில்லை, அந்த நோட்டைப் பற்றிப் பள்ளியிலும் யாரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. தண்டனைக்குப் பதிலாக, செய்த சேதத்தைப் பிள்ளையே சரிசெய்ய வைக்கும் முறை ஒன்று இருக்கிறதாமே, ரெஸ்டோரேட்டிவ் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? 'சாரி சொல்லு, கை குடு' என்பதுதானா அது?

சாக்பீஸ்_டீச்சர்:

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, நெல்லைப் பக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முட்டி போட வைத்தது சட்டப்படியே தவறு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதை நீங்கள் பள்ளியில் தனியாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாரி இல்லை. சாரி கடைசியில் வந்தால் வரும், வராமலும் போகும். பையனிடம் 'ஏன்டா செஞ்ச' என்று கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளைகளிடம் இரண்டே பதில்தான், ஒன்று பொய், இன்னொன்று 'தெரியல'. 'என்ன நடந்தது, முதல்ல இருந்து சொல்லு' என்று கேளுங்கள். அப்புறம் 'அந்த நேரம் மனசுல என்ன ஓடிச்சு', 'இதனால யார் யாருக்கு என்ன ஆச்சு', கடைசியாக 'இப்ப என்ன செஞ்சா கொஞ்சமாவது சரியாகும்'. மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். சும்மா உட்கார்ந்திருங்கள், நீங்களாக எடுத்துக் கொடுத்தால் உங்கள் பதிலையே திருப்பிச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான்.

நான் சொதப்பிய கதையும் இருக்கிறது. ஆரம்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகளை ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைத்தேன். அடிபட்டவள் 'பரவால்ல டீச்சர்' என்றாள், நானும் பெருமையாக வகுப்புக்குப் போய்விட்டேன். அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை. அவளுடைய ஆச்சி வந்து, 'அவ மூஞ்சில முழிக்கவே பயமா இருக்காம், நீங்க முன்னாடி உக்கார வச்சுட்டீங்களே' என்று கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியாக, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். சந்திக்க வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேசியது நடந்ததா என்று பத்து நாள் கழித்து நாம் திரும்பப் பார்க்கவும் வேண்டும், பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

கடைசிபெஞ்ச்78:

அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? எங்கள் கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தால் நாலு வகுப்பு தள்ளி அமைதியாகும், நாங்கள் என்ன கெட்டா போனோம். வகுப்பில் ஐம்பது பேர் இருக்கும்போது ஒவ்வொருத்தனையும் உட்கார வைத்து 'மனசுல என்ன ஓடிச்சு' என்று கேட்டால் போர்ஷனை யார் முடிப்பது? கெட்டிக்காரப் பையன் நன்றாகக் கதை கட்டத்தான் பழகுவான்.

கிச்சனர்_குமரன்:

நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். எங்கள் கிச்சனருக்குப் பக்கத்தில் எல்மைரா என்று ஒரு சின்ன ஊர். 1974இல் இரண்டு பொடியன்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேருடைய சொத்துகளை நாசமாக்கினார்கள், கார் டயர், ஜன்னல் கண்ணாடி என்று ஒன்றையும் விடவில்லை. நன்னடத்தை அலுவலர் ஒருவர், இவர்கள் பாதிக்கப்பட்ட ஆட்களை நேரில் சந்தித்தால் என்ன என்று கேட்க, நீதிபதியும் ஒத்துக்கொண்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, 'நான்தான் செய்தது' என்று சொல்லி, எவ்வளவு நட்டம் என்று கேட்டு, சில மாதங்களில் காசைக் கொடுத்து முடித்தார்கள். இன்றைக்கு இந்த முறையைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பலர் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவார்கள். அண்ணா, நான் நினைக்கிறேன், நூறு தரம் எழுதுவதைவிட ஒரு கதவைத் தட்டுவது அந்தப் பொடியன்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் சொல்கிற நேரப் பிரச்சினையைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிக்கூடங்களைக் குலுக்கிப் பிரித்து, பாதியில் மட்டும் இரண்டு வருடம் இதைச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளை இடைநிறுத்துகிற நாட்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் முன்னேறியதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். அதேநேரம் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் படிப்பு கொஞ்சம் பின்தங்கியது. ஆகவே இதை மந்திரம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சாக்பீஸ்_டீச்சர்:

கடைசிபெஞ்ச் சார், என் வகுப்பில் 41 பேர், எல்லாச் சண்டைக்கும் நானும் இதைச் செய்வதில்லை. பென்சில் சண்டைக்கு ஒரு முறைப்பு போதும். கதை கட்டுவான் என்பது சரிதான், பிரம்புக்குப் பயந்தும் கட்டத்தான் செய்தோம், நீங்கள் கட்டியதே இல்லையா?

திருப்பூர்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி மடித்துக்கொண்டே கேட்டேன், எதிரெதிரே உட்காராததால் பேச்சு வந்தது. இவனை அந்தப் பையன் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டு, வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டதாம். ஆறு மாதமாக நடந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பையனின் அம்மாவுக்கு போன் செய்தேன். முதலில் கோபமாகத்தான் பேசினார், பிறகு மகனிடம் கேட்டுச் சொன்னார். அவனுக்குப் புது நோட்டு வேண்டாமாம். போட்டிக்குப் பேர் கொடுத்த மிஸ்ஸிடம், அவன் சோம்பேறித்தனத்தால் வரையாமல் இருந்துவிடவில்லை, வரைந்த நோட்டை நான்தான் கிழித்தேன் என்று என் பையன் போய்ச் சொல்ல வேண்டுமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுப் போய்ச் சொன்னான். அந்தப் பையன் வேண்டாம் என்றாலும், நோட்டுக்கும் கலர் பென்சிலுக்கும் என் பையனின் உண்டியலிலிருந்து 180 ரூபாய் எடுத்தோம். இருவரும் நண்பர்களாகவில்லை. வகுப்பில் பட்டப்பெயர் நின்றுவிட்டது, வேனில் இன்னும் நிற்கவில்லை.

அதன்பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, 'நான் அவனுக்காக மிஸ்கிட்ட போய்ச் சொன்னேன்ல, அப்பா ஸ்கேலால அடிச்சதுக்கு என்கிட்ட யாரு வருவா?' என்று கேட்டான். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பதில் இதுவரை இல்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவனை வேனில் விடாமல் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார், காலை ஷிஃப்டுக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போகிறார்.

வேன் விஷயத்தை டிரைவரிடம் சொல்வதா, பள்ளியில் சொல்வதா?

சாக்பீஸ்_டீச்சர்:

இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. வேனில் வரும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் உங்கள் தெருக்காரர் யாராவது இருக்கிறார்களா பாருங்கள்.