இக்னோர் பேட்டர்ன்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான கிட் (Git, நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லாக் கோப்புகள் (நிரல் தானாக எழுதிவைக்கும் பதிவுகள்), கடவுச்சொல் வைத்திருக்கும் கோப்பு ஆகியவற்றை கிட் கண்டுகொள்ளாதிருக்க, '*.லாக்' (.லாக் என முடியும் எல்லாக் கோப்பும்) என்பதுபோல் எழுதிவைக்கிறோமே, அந்த 'இக்னோர் பேட்டர்ன்'-க்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். வரைவில் 'புறக்கணிப்புப் பாங்கு' என்று இருக்கிறது. தேர்தல் புறக்கணிப்புதான் நினைவுக்கு வருகிறது.

———

> புறக்கணிப்புப் பாங்கு

'பாங்கு' எதற்கு? யாப்பிலேயே சொல் இருக்கிறது: வாய்பாடு, சீரின் அமைப்பைக் காட்டும் மாதிரிச் சொல். தேமா என்றால் மாமரமா? 'கண்ணன்', 'பாடம்' என நேர் நேர் வரும் எந்தச் சீரும் தேமாதான். நட்சத்திரக்குறி செய்வதும் அதே வேலை. புறக்கணிப்புக்குப் பதில் 'விலக்கு' போதும். நன்னூலின் 32 உத்திகளில் 'இறந்தது விலக்கல்' (வழக்கொழிந்த பழையதை நீக்கல்) உண்டு. ஆக, 'விலக்கு வாய்பாடு'.

———

ஐயா, 'இறந்தது விலக்கல்' கிட் செய்யவே செய்யாத வேலை! ஏற்கெனவே கண்காணிப்புக்குள் வந்துவிட்ட கோப்பைப் பின்னால் எழுதும் வரி தொடாது. 'கிட் ஆர்எம் --கேச்டு' என்ற கட்டளை கொடுத்துக் கண்காணிப்பிலிருந்து எடுத்தால்தான் உண்டு. அப்போதும் பழைய வரலாற்றில் கடவுச்சொல் அப்படியே கிடக்கும். 'விலக்கு' என்றால் கோப்பே போய்விட்டது என்று மாணவர் நினைப்பார். 'வாய்பாடு' என்றால் ஓரிரண்டு இரண்டு என்று தொடங்கிவிடுவார். 'இக்னோர்' என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

———

இலங்கையில் நாங்கள் கணக்கில் 'நம்பர் பேட்டர்ன்' என்பதை 'எண் கோலங்கள்' என்று படித்தவர்கள். 'தவிர்ப்புக் கோலம்' ஆகாதா?

———

அலங்கோலம் ஆகிவிடும்.

'இக்னோர்' என்று எழுத ஒரு கையேடு எதற்கு, ஆங்கிலத்திலேயே படிக்கட்டுமே. வாய்பாட்டை நான் விடுவதாக இல்லை. தொல்காப்பியத்தில் இயல்களின் இறுதியில் வரும் புறனடையையும் (சொன்ன விதிகளுக்குள் அடங்காததற்கு இடம் தரும் நூற்பா) மறந்துவிடாதீர்கள். '*.லாக்' எழுதி, அடுத்து ஆச்சரியக்குறியுடன் '!முக்கியம்.லாக்' எழுதினால் அந்த ஒன்று மட்டும் மீண்டும் உள்ளே வருகிறதல்லவா? அதுதான் புறனடை.

———

புறனடை அழகாக இருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் கோப்புறையையே தவிர்த்துவிட்டால், உள்ளே இருக்கும் கோப்பை ஆச்சரியக்குறி மீட்காது. கிட் அந்தக் கோப்புறைக்குள் எட்டியே பார்ப்பதில்லை. அதற்கு எந்த நூற்பா?

———

நூற்பாவை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம். நால்வர் 'தவிர்ப்பு வரி' கேட்கிறார்கள். எளிமையாக இருக்கிறது, போட்டுவிடவா?

———

திருப்பிப் படித்தால் வரித் தவிர்ப்பு. வருமான வரித்துறையினர் வந்து நிற்பார்கள்.

———

சரி, 'தவிர்ப்பு விதி'. ஆச்சரியக்குறி வரிக்குப் 'புறனடை'. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

———

'விதி' என்பது கட்டளை, '*.லாக்' என்பது வார்ப்பு அச்சு. இரண்டும் வேறு. என் வகுப்பில் வாய்பாடு என்றே சொல்லித்தருவேன்.