கொக்குவில் வீட்டார் குழுவில் ஏழாவது ஆட்டம்

21 ஜூன் 2024, வெள்ளி இரவு (ரொறன்ரோ நேரம்)

துஷி: மாமா! எட்மன்ரன் ஃபுளோரிடாவை 5-1 என்று வென்றுவிட்டது! ஸ்ரான்லி கோப்பை ஹொக்கி இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வந்துவிட்டது! எட்மன்ரனில் இன்னும் வெயில் அடிக்கிறது, தெரு முழுக்கச் சனம். நீலமும் செம்மஞ்சளும் தவிர வேறு நிறமே கண்ணில் படவில்லை. கார் ஹோர்ன் சத்தத்தில் காது அடைக்கிறது.

சிவா மாமா: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் பிள்ளை. கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை வந்தால் பொறுத்துக்கொள். மூன்று ஆட்டம் தோற்ற ரீம் இன்று மூன்றுக்கு மூன்று! இறுதிச் சுற்றில் கடைசியாக இப்படி நடந்தது 1945இல்.

ரஞ்சி சித்தி: என்ன அண்ணா, காலையில் எழும்பிப் பார்த்தால் குழுவில் இத்தனை மெசேஜ். யாருக்கும் சுகமில்லையோ என்று நெஞ்சு பக்கென்றது.

யாழினி: ஒருவருக்கும் ஒன்றும் இல்லை சித்தி. ஐஸ் ஹொக்கி. மாமாவும் என் மகன் யதுவும் இரண்டு மாதமாக இதே கதைதான்.

ரஞ்சி சித்தி: இரண்டு மாதமா? ஒரு விளையாட்டா?

சிவா மாமா: ரஞ்சி, சொல்கிறேன் கேள். என்.எச்.எல். லீக்கில் 32 ரீம். ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வொரு ரீமும் 82 ஆட்டம் ஆடும். அதில் 16 ரீம் பிளேஓஃபுக்குப் போகும். அங்கே ஒரு சுற்று என்றால் ஒரு ஆட்டம் இல்லை, ஒரே எதிராளியோடு ஏழு ஆட்டம் வரை. யார் முதலில் நாலு வெல்கிறார்களோ அவர்கள் அடுத்த சுற்றுக்கு. அப்படி நாலு சுற்று. கோப்பை தூக்க 16 வெற்றி வேண்டும். சமநிலை என்றால் மேலதிக நேரம், ஒருவர் கோல் போடும்வரை ஆட்டம் முடியாது. நடுராத்திரி தாண்டினாலும் ஆடுவார்கள்.

ரஞ்சி சித்தி: நல்லூர்த் திருவிழா மாதிரி நாள்கணக்கில் போகிறது.

சிவா மாமா: ஓம், கடைசி நாளுக்கு வரும் சனமும் அப்படித்தான்.

துஷி: சித்தி, இந்த எட்மன்ரன் ரீம் நவம்பரில் எப்படி இருந்தது தெரியுமா? முதல் 13 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. கோச்சை அனுப்பிவிட்டுப் புதுக் கோச்சாகக் கிறிஸ் நொப்லாக்கைக் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் எங்கள் வேலையிடத்தில் ஹொக்கி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முடியுமட்டும் தொடர்ச்சியாக 16 வெற்றி! இன்னும் ஒன்று வென்றிருந்தால் லீக் சாதனையைத் தொட்டிருப்பார்கள்.

யாழினி: யது பக்கத்தில் நிற்கிறான். பிளேஓஃபில் லொஸ் ஏஞ்சல்ஸ், வன்கூவர், டல்லஸ் மூன்றையும் தாண்டி வந்தார்கள், வன்கூவரோடு ஏழு ஆட்டமும் போனது, அதையும் எழுது என்கிறான்.

குமரன்: எல்லோரும் எட்மன்ரன் பக்கம். நான் ஒருவன் ஃபுளோரிடா பக்கம் நிற்கிறேன், கோபிக்காதீர்கள் மாமா. போன வருஷம் இதே இறுதிச் சுற்றில் அவர்கள் வேகஸ் ரீமிடம் தோற்றார்கள். அந்தச் சுற்றில் அவர்களின் மத்தியூ கச்சக் நெஞ்செலும்பு முறிந்த நிலையில் ஒரு ஆட்டம் ஆடினான். கட்டிலிலிருந்து எழும்பவே ஒருவர் தூக்கி இருத்த வேண்டி இருந்தது, அந்த வலியோடு ஆடினான். தோற்ற ரீம் மறுவருஷமும் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது. அவர்களுக்கும் கிடைக்கத்தானே வேண்டும்?

சிவா மாமா: நீ சொல்வது சரி குமரன். நல்ல ரீம். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் நானும் கைதட்டுவேன்.

குமரன்: இன்று ஃபுளோரிடா கப்டன் பார்க்கோவ் போட்ட கோலையும் செல்லாது என்று எடுத்துவிட்டார்கள். எட்மன்ரன் இரண்டாவது கோல் போட்டுப் பத்து விநாடி ஆகவில்லை, இவன் திருப்பிப் போட்டான். அது மட்டும் நின்றிருந்தால் 2-1, ஆட்டமே வேறு.

சிவா மாமா: ஓப்சைட், தம்பி. பக், அந்த ரப்பர் வட்டு, நீலக் கோட்டைத் தாண்டமுன் ஆள் உள்ளே போய்விட்டான். நூலிழைதான், ஆனால் விதி விதிதான். நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

ரஞ்சி சித்தி: அண்ணா, நீங்கள் இருப்பது ரொறன்ரோ. எட்மன்ரன் எங்கேயோ மேற்கில். ஏன் இவ்வளவு துடிப்பு?

சிவா மாமா: எங்கள் ரொறன்ரோ ரீம் மே மாதமே பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் தோற்றுப்போனது ரஞ்சி. அது 1967க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. நான் வந்தது 1992 கார்த்திகை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சமையலறைக் குளிர்பெட்டிக்கு மேல் ஒரு சின்ன ரீவி. அடுத்த வைகாசியில் ரொறன்ரோவும் லொஸ் ஏஞ்சல்சும் ஏழாவது ஆட்டம். எனக்கு ஒரு விதியும் தெரியாது. லொஸ் ஏஞ்சல்சின் கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டார், 5-4 என்று ரொறன்ரோ தோற்றது. சமையல்காரர், ஆறடி மனுசன், கரண்டியை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து அழுதார். நான் சவர்க்காரக் கையோடு பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஆங்கிலம் வராது, அவருக்கும் ஏதும் சொல்லத் தேவைப்படவில்லை. இந்த நாட்டில் ஒரு ஆளின் துக்கத்தில் நான் முதன்முதல் பங்கெடுத்தது அன்றைக்குத்தான்.

சிவா மாமா: அந்த வருஷம் கோப்பை மொன்றியலுக்குப் போனது. அதற்குப் பிறகு கனடாவிலுள்ள ஒரு ரீமும் வெல்லவில்லை. 31 வருஷம். அதில் நாலு முறை ஏழாவது ஆட்டம் வரை வந்து கைநழுவியது: 1994இல் வன்கூவர், 2004இல் கல்கரி, 2006இல் இதே எட்மன்ரன், 2011இல் திரும்ப வன்கூவர். நாலையும் நான் இருந்து பார்த்தவன்.

ரஞ்சி சித்தி: சரி அண்ணா. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு?

சிவா மாமா: எங்களுக்கு இரவு எட்டு. உனக்குச் செவ்வாய் காலை ஐந்தரை.

ரஞ்சி சித்தி: அந்த நேரம் நான் எழும்பித்தான் இருப்பேன். பிள்ளையாருக்குப் பூ வைத்துவிட்டுப் போனைத் திறக்கிறேன்.

24 ஜூன், திங்கள் இரவு

யாழினி: மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். யதுவும் அவரும் ஒரே சோபா. ஆட்டம் முடியும்வரை ஒருவரும் இடம் மாறக்கூடாதாம்.

துஷி: இங்கே அரங்கில் ஆட்டமே இல்லை, ஆட்டம் 4,000 கிலோமீற்றருக்கு அப்பால் ஃபுளோரிடாவில். ஆனாலும் அரங்குக்கு வெளியே பெரிய திரை முன்னால் கால் வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவர், 1984 கோப்பைக் காலத்துச் சட்டையாம், தோள் நைந்துபோய் இருக்கிறது.

குமரன்: கோல்!! வர்ஹேகி! ரொட்ரிகஸ் அடித்ததைத் தடியால் இலேசாகத் தட்டிவிட்டான்.

யாழினி: மாமா ஒன்றும் பேசவில்லை.

துஷி: யான்மார்க்!!! ஒரே ஓட்டம்! தனியாகப் போய் ஃபுளோரிடா கோலி பொப்ரொவ்ஸ்கியைத் தாண்டிப் போட்டான்! 1-1!!! அந்தக் கிழவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்!

ரஞ்சி சித்தி: வந்துவிட்டேன். பூ வைத்தாயிற்று. யார் முன்னுக்கு?

சிவா மாமா: சமம் ரஞ்சி. ஒன்றுக்கு ஒன்று.

ரஞ்சி சித்தி: ஏன் அண்ணா ஆட்களை நிமிசத்துக்கு ஒருக்கால் மாற்றுகிறார்கள்? என் மகன் போனில் போட்டுக் காட்டினான். ஒருவன் வேலியால் பாய்ந்து உள்ளே வருகிறான், மற்றவன் வெளியே போகிறான்.

சிவா மாமா: நல்ல கேள்வி. பனியில் முழு வேகத்தில் முக்கால் நிமிசம் ஓடினால் கால் கல்லாகிவிடும். அதனால் ஐந்தைந்து பேராக மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆட்டம் நிற்காது. கோலி, கோல் காப்பவன், அவன் மட்டும்தான் வழக்கமாக அறுபது நிமிசமும் நிற்பான்.

யாழினி: யது சொல்கிறான்: கோலிக்குத்தான் ஆகப் பயம், ரஞ்சி அம்மம்மா. அவனும் கோலிதானே. காலையில் ஆறு மணி ஆட்டத்துக்கு இவனுக்கு நான் கால்காப்பு பாட் கட்டும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரும் இழுத்து, கொக்கி மாட்டி, திரும்ப அவிழ்த்து இறுக்கி. விரல் நுனி விறைத்துப் போகும். இவன் முழங்காலில் இருந்து கண்ணை மூடிக்கொண்டே இருப்பான்.

குமரன்: ரைன்ஹார்ட்! 2-1! வலப்பக்கத்தால் ஏறிவந்து அடித்தான். இந்தப் பருவத்தில் 57 கோல் போட்டவன், விடுவானா!

துஷி: ஐயோ.

துஷி: இன்னும் ஒரு முழுப் பகுதி இருக்கிறது. இருபது நிமிசம். 1942இல் ரொறன்ரோ செய்தது தானே மாமா? மூன்று தோற்று நாலு வென்றது?

சிவா மாமா: ஓம். இறுதிச் சுற்றில் அப்படிச் செய்த ஒரே ரீம் அதுதான்.

யாழினி: எட்மன்ரன் கப்டன் மக்டேவிட் கோலுக்கு ஒட்டி நிற்கிறான், பக் காலடியில் கிடக்கிறது, தடி படவில்லை! யது தலையணையைக் கடித்துக்கொண்டு இருக்கிறான்.

துஷி: இங்கே ஆயிரக்கணக்கான பேர், ஒரு சத்தமும் இல்லை. எல்லோருடைய கையும் தலையில்.

ரஞ்சி சித்தி: இங்கேயும் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

துஷி: எட்மன்ரன் கோலியை வெளியே எடுத்துவிட்டு, கோல் போட இன்னொரு ஆளை இறக்கிவிட்டார்கள். ஆறு பேர்.

குமரன்: முடிந்தது.

குமரன்: துஷி, மாமா, மனம் வருந்துகிறேன். வென்றும் எனக்குக் குதிக்க மனம் வரவில்லை.

25 ஜூன், செவ்வாய்

துஷி: இரவு நித்திரை இல்லை. அந்தக் கிழவர் போகும்போது என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். வேலைக்கு வந்தால் ஒருவரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

ரஞ்சி சித்தி: அண்ணா, சாப்பிட்டீர்களா?

சிவா மாமா: சாப்பிட்டேன் ரஞ்சி. யாழினி இரவே இடியப்பம் கட்டித் தந்தாள்.

குமரன்: ஒன்று கேட்க வேண்டும். கொன் ஸ்மைத் விருது, பிளேஓஃபின் மிகச் சிறந்த ஆட்டக்காரனுக்குக் கொடுப்பது, தோற்ற பக்கத்து மக்டேவிட்டுக்குக் கொடுத்தார்கள். 1976க்குப் பிறகு கோலி அல்லாத, தோற்ற ரீம் ஆள் ஒருவருக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அவன் வெளியே வந்து வாங்கவே இல்லை. அது சரியா?

துஷி: கொடுத்தது சரி. 42 புள்ளி, ஒரு கோலுக்கு ஒன்று, ஒரு உதவிக்கு ஒன்று. அதில் 34 கோலுக்கு உதவி, கிரெட்ஸ்கியின் 31ஐத் தாண்டினான். நாலாவது, ஐந்தாவது ஆட்டங்களில் அடுத்தடுத்து நாலு நாலு புள்ளி, இறுதிச் சுற்றில் முன்னர் எவரும் செய்யாதது.

குமரன்: கடைசி இரண்டு ஆட்டத்தில் அவனுக்குப் புள்ளியே இல்லை. பொப்ரொவ்ஸ்கிக்கு அல்லது பார்க்கோவுக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதை விடுங்கள். அரங்கில் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

சிவா மாமா: குமரன், அவன் எங்கள் பக்கத்துப் பிள்ளை. ரிச்மண்ட் ஹில்லில் பிறந்து நியூமார்கெற்றில் வளர்ந்தவன், யாழினி வீட்டிலிருந்து காரில் கொஞ்சத் தூரம். அவன் விரும்பியது ஒரே ஒரு கோப்பை. அது அந்தப் பக்கத்துக் கையில் இருக்கும்போது, இன்னொன்றை வாங்கிச் சிரித்து நிற்க அவனால் முடியவில்லை. உள்ளே தன் ரீமோடு இருந்தான். நான் அவன் இடத்தில் இருந்தால் நானும் அங்கேதான் இருந்திருப்பேன். அது மரியாதைக் குறைவு இல்லை என்பது என் முடிவு.

யாழினி: இன்று காலை யதுவும் அதைத்தான் சொன்னான். அவனுடைய லீக் கடைசி ஆட்டத்தில் தோற்றபோது ஒரு பதக்கம் கொடுத்தார்களே, அதை இன்றுவரை பைக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

குமரன்: சரி மாமா. அந்தப் பார்வையில் நான் யோசிக்கவில்லை.

குமரன்: ஆனால் ஒன்றை நீங்களும் பார்த்திருக்க வேண்டும். கோப்பையை முதலில் பார்க்கோவ் தூக்கினான், ஸ்ரான்லி கோப்பை தூக்கிய முதல் ஃபின்லாந்துக் கப்டன். பிறகு பொப்ரொவ்ஸ்கி. அவன் கொடுத்தது கைல் ஒக்போசோவுக்கு. ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆடியும் ஒரு கோப்பை இல்லாதவன். அப்பா நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அவன் முகத்தைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது.

சிவா மாமா: பார்த்தேன் தம்பி. யதுதான் ரீவியை நிறுத்த விடவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வெளிக்கிட்டேன்.

ரஞ்சி சித்தி: அடுத்தது எப்போது தொடங்கும்?

துஷி: ஒக்டோபர், சித்தி. அதே ஆட்கள் பெரும்பாலும் இருப்பார்கள்.

ரஞ்சி சித்தி: அப்போ எனக்கும் நேரத்தைப் போடுங்கள். அந்த 97ஆம் இலக்கப் பிள்ளை மக்டேவிட்டை எனக்கு இப்போது தெரியும்.

யாழினி: மாமா, யது கோலித் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். கராஜ் கதவுக்கு முன்னால் வலை வைத்தாயிற்று. நீங்கள்தான் அடிக்க வேண்டுமாம்.

சிவா மாமா: பத்து நிமிசம். ரெனிஸ் பந்து என் காரில் கிடக்கிறது, கொண்டு வருகிறேன்.