7805 ஐசி தொட முடியாத அளவு சுடுகிறது, இரண்டு நிமிடத்தில் ரிலே எல்லாம் விழுகிறது

கேள்வி:
வணக்கம். மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறேன். 12 வோல்ட் அடாப்டர், அப்புறம் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ஐசி, அதிலிருந்து இஎஸ்பி8266 என்ற வைஃபை கன்ட்ரோலர் போர்டும் நாலு ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). நாலு ரிலேயும் ஆனில் இருந்தால் இரண்டே நிமிடத்தில் எல்லாம் அணைகிறது. கொஞ்சம் ஆறினால் தானாக ஓடுகிறது. ஐசியைத் தொட்டு விரல் கொப்பளித்துவிட்டது. டூப்ளிகேட்டோ என்று மூன்று ஐசி மாற்றிவிட்டேன். 1 ஆம்பியர் தாங்கும் என்கிறார்கள், நான் மல்டிமீட்டரில் அளந்தது 0.4 தான். ஷார்ட் எங்கும் இல்லை.

பதில்:
ஐசி மேல் குற்றமில்லை தம்பி. 12 வோல்ட் உள்ளே போகிறது, 5 வோல்ட் வெளியே வருகிறது. மிச்சமுள்ள 7 வோல்ட்டை அது சூடாகத்தான் கழிக்கும், வேறு வழி அதற்கு இல்லை. 7 × 0.4 = 2.8 வாட். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் நிற்கும் 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். அப்படியானால் 182 டிகிரி, அதோடு அறை வெப்பம் வேறு. அவ்வளவு ஏற விடாமல் உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அணைத்துவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அதுதான். 1 ஆம்பியர் என்பது நல்ல ஹீட் சிங்க் போட்டால்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. முன்னால் 10 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சூடு குறையுமா?

பதில்:
ஐசியில் குறையும், மொத்தத்தில் குறையாது. ரெசிஸ்டரில் 4 வோல்ட் விழும், அங்கே 1.6 வாட், ஐசியில் 1.2 வாட். கூட்டினால் அதே 2.8. கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும், 5 வாட் வேண்டும்.

இன்னொருவர்:
பெட்டி இரும்பாக இருந்தால் ஐசியின் உலோக முதுகை அதிலேயே வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி முடுக்கலாம். 7805-இல் அது கிரவுண்ட்தான், நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு தேவையில்லை. ஆனால் பெட்டி எர்த் ஆகியிருந்தால் உங்கள் கிரவுண்டும் அதோடு சேரும், கவனம். நான் என்றால் 7805-க்குப் பதில் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 பக் மாட்யூல்தான் போடுவேன். அது மிச்சத்தை எரிப்பதில்லை, வேகமாக ஆன் ஆஃப் செய்து தேவையானதை மட்டும் எடுக்கிறது. 2 வாட் கொடுக்க அரை வாட் அளவுதான் வீணாகும். போர்டை இணைக்கும் முன் மாட்யூலில் உள்ள திருகைத் திருப்பி 5 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிடுங்கள். மறந்தால் இஎஸ்பி போய்விடும்.

கேட்டவர்:
பக் மாட்யூல் போட்டாச்சு, முதலில் 5 வோல்ட் வைத்துவிட்டுத்தான் இணைத்தேன். நாலு ரிலேயும் ஒரு மணி நேரமாக ஆனில் இருக்கிறது, மாட்யூல் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது. மாற்றி எடுத்த மூன்று 7805-ம் நல்லதுதான், சோதித்துவிட்டேன்.